படிக்காமல் ஓகே அழுத்தாதே, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ போனில் சொன்னதிலிருந்து மனசு அதிலேயே கிடக்கிறது. லேப்டாப்போடு சேர்ந்து வந்த வைரஸ் தடுப்பு மென்பொருளை மூன்று மாதத்துக்கு முன்பே அன்இன்ஸ்டால் செய்துவிட்டாய். ஆனாலும் "உங்கள் பாதுகாப்பு முடிந்துவிட்டது, புதுப்பியுங்கள்" என்று பெட்டி வந்துகொண்டே இருக்கிறது, ஃபார்மட் அடித்தால்தான் போகும் என்று கடையில் சொல்கிறார்கள் என்றாய். ஃபார்மட் வேண்டாம் கண்ணு. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவார்களா?

நம் டிடிபி கடையின் பழைய கம்ப்யூட்டர் உனக்கு ஞாபகம் இருக்கும். ஸ்கேனர் கெட்டுப்போனதும் அதற்கான மென்பொருளை நீக்கினேன். மறுநாளிலிருந்து கம்ப்யூட்டரைப் போட்டதும் திரை நடுவில் ஒரு சின்னப் பெட்டி. மேல் பட்டையில் ரன்டிஎல்எல் என்று பெயர், சிவப்பு வட்டத்துக்குள் வெள்ளைப் பெருக்கல் குறி, ஏதோ ஒரு ஃபைலைக் காணவில்லை என்று இரண்டு வரி, கீழே ஒரே ஒரு ஓகே பட்டன். வேலைக்கு இடைஞ்சல் இல்லையே என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு. அம்மா காலையில் கடையைத் திறந்து, சாமி படத்துக்குப் பூ வைத்து, கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, பெட்டி வருவதற்கு முன்பே அந்த இடத்தில் மவுஸை நிறுத்திக் காத்திருப்பாள். கை அப்படிப் பழகிவிட்டது. ஒருநாள் வலது ஓரத்தில் வேறொரு பெட்டி வந்தது. படிக்காமல் அதையும் அழுத்திவிட்டாள். திரை முழுக்கச் சிவப்பு, கீச்சென்று ஒரு சத்தம், வைரஸ் புகுந்துவிட்டது, இந்த எண்ணைக் கூப்பிடுங்கள் என்று அறிவிப்பு. நான் பேப்பர் கட்டு வாங்கிக்கொண்டு திரும்பியபோது அவள் ஆறு எண் அழுத்தியிருந்தாள். விரல் நடுங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து இந்தப் பெட்டிகளைச் சும்மா விடுவதில்லை.

ஏன் இப்படி வருகிறது என்று கேட்டாயே. பால்காரரிடம் சொல்லாமல் வீட்டைக் காலி செய்தால் மறுநாளும் வாசலில் பாக்கெட் கிடக்கும் இல்லையா, அதுதான். மென்பொருள் போய்விட்டது, ஆனால் தினமும் அதைக் கூப்பிடு என்று விண்டோஸில் எழுதிவைத்த குறிப்பு போகவில்லை. ஸ்கேனர் பெட்டி அந்த வகை. உன்னுடையது இன்னொரு வகையாகவும் இருக்கலாம், மென்பொருளின் ஒரு துண்டே உள்ளே தங்கியிருக்கலாம். அதனால் முதலில் கூப்பிடுவது யார் என்று பிடிக்க வேண்டும்.

பெட்டி திரையில் இருக்கும்போதே அவசரப்பட்டு மூடாதே. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், இப்போது என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜர் வரும். பட்டியலில் அந்தப் பெட்டியின் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து, ஃபைல் இருக்கும் இடத்தைத் திற என்பதைத் தேர்ந்தெடு. எந்த ஃபோல்டர் என்று காட்டிவிடும். அது க்ரோம் ஃபோல்டராக இருந்தாலோ, பெட்டியிலேயே க்ரோம் என்றும் ஒரு தளத்தின் முகவரியும் தெரிந்தாலோ, அது நீ நீக்கிய மென்பொருளே இல்லை. எப்போதோ ஒரு தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்ப அலவ் கொடுத்திருப்பாய். அம்மாவை மிரட்டியதும் அதுதான். க்ரோம் செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸ் போய், நோட்டிஃபிகேஷன்ஸில் தெரியாத பெயர்களை எல்லாம் எடுத்துவிடு.

க்ரோம் இல்லை என்றால் அதே டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பக்கத்தைப் பார், கம்ப்யூட்டரைப் போட்டதும் தானாக ஓடுபவை அங்கே இருக்கும். தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து கமாண்ட் லைனை டிக் செய்தால் ஒவ்வொன்றும் எங்கிருந்து ஓடுகிறது என்று தெரியும். சில நேரம் படமே இல்லாமல் வெறும் புரோகிராம் என்று ஒரு வரி இருக்கும். ஆள் போன வீட்டின் பெயர்ப்பலகை அது, டிஸேபிள் செய். பெட்டி தினமும் ஒரே நேரத்துக்கு வருகிறதா என்பதையும் கவனி. அப்படியென்றால், குறித்த நேரத்தில் வேலைகளை ஓடவிடும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் இருக்கும். ஒவ்வொரு டாஸ்க்கிலும் ஆக்‌ஷன்ஸ் பக்கத்தைப் பார்த்தால் எந்த ஃபைலைக் கூப்பிடுகிறது என்று வெளிச்சமாகிவிடும்.

இதிலும் அகப்படவில்லை என்றால், தானாக ஓடுபவை எல்லாவற்றையும் பட்டியல் போடும் ஆட்டோரன்ஸ் என்ற மென்பொருள். சிஸ்இன்டர்னல்ஸ் என்ற தொகுப்பில் வருவது, அதை உருவாக்கியவர்களின் நிறுவனத்தை 2006இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. இலவசம், ஆனால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மட்டும் இறக்கு. ஃபைல் இல்லாமல் தொங்கும் குறிப்புகளை மஞ்சள் நிறத்தில் காட்டும். ஸ்கேனர் பேயை நான் இதில்தான் பிடித்தேன். டிக்கை மட்டும் எடு, டெலிட் செய்யாதே. ஒரு வாரம் எல்லாம் சரியாக ஓடினால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். விண்டோஸ் தன் குறிப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்கிறேன் என்று வரும் மென்பொருள் எதையும் சேர்க்காதே, நல்லதையும் சேர்த்துத் துடைத்துவிடும்.

உன்னுடையது வைரஸ் தடுப்பு என்பதால் இன்னொன்றும் உண்டு. இவை ஆழமாக வேரோடும், சாதாரண அன்இன்ஸ்டாலில் முழுசாக வராது. அதற்காகவே பெரிய நிறுவனங்கள் பலவும் தனியாக ஒரு ரிமூவல் டூல் வைத்திருக்கின்றன. அவர்களுடைய சொந்தத் தளத்தில் எடுத்து ஓட்டி, ரீஸ்டார்ட் செய். பாதுகாப்பு இல்லாமல் போய்விடுமோ என்று பயப்படாதே. வேறு வைரஸ் தடுப்பு இல்லாதபோது விண்டோஸோடு சேர்ந்தே வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் தானாகவே வேலையைத் தொடங்கிவிடும். செட்டிங்ஸில் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து பச்சை டிக் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்.

அடுத்த முறை பெட்டி வந்தால் முழுசாகத் தெரியும்படி படம் எடுத்து அனுப்பு, மேல் பட்டையில் இருக்கும் பெயர் எனக்கு வேண்டும். சனிக்கிழமை கடையைச் சீக்கிரம் சாத்திவிடுகிறேன், ஒன்பது மணிக்குக் கூப்பிடு. அம்மாவும் கூட உட்கார்ந்து பார்க்கிறேன் என்கிறாள்.

அன்புடன்,
அப்பா