எத்தனை குழாய் இறக்கினார்கள் என்று கேள்

மத்தூர்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள செல்விக்கு,

அம்மாவும் நானும் நலம். மாப்பிள்ளையும் குட்டியும் சுகம்தானே? நேற்று போனில் உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர்ப் பேச்சை எடுத்ததும், "இளநீர் மாதிரி இருக்குப்பா, விடுங்க" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். போனில் என்றால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கிருஷ்ணகிரியில் பிறந்தவள் மேற்கு வங்காளத்துக் கிருஷ்ணாநகரில் குடித்தனம் நடத்துகிறாள் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறாள். ஊர்ப் பேரில்தான் பாதி ஒன்று. அடிநிலம் முழுக்க வேறு.

பொங்கல் கழித்து உங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது பக்கத்து மனையில் போர் போட்டார்களே, நான் காலையிலிருந்து சாயங்காலம் வரை அங்கேயே நின்றேன், நீ கூட சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனாய். முப்பது வருஷம் போர் வண்டியோடு அலைந்தவன் நான். கம்ப்ரசர் அலறும், ஹேமர் இடிக்கும், கல்லுப் பொடி ஊரையே வெள்ளையாக்கும். அங்கே என்னடா என்றால், நாலு மூங்கில், ஒரு இரும்புக் குழாய், நாலு ஆள். ஒருத்தன் சாரத்தின் மேல் உட்கார்ந்து குழாயின் வாயை உள்ளங்கையால் மூடுகிறான். மற்றவர்கள் நெம்பிக் குழாயைத் தூக்குகிறார்கள். கீழே விடும்போது அவன் கையை எடுக்க, சேறு பொளக்கென்று வெளியே கொட்டுகிறது. அவன் கைதான் வால்வு! ஒரே நாளில் 100 அடி. நம் பாறையில் இந்த ஜம்பம் நடக்காது.

கொட்டிய சேற்றை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் மஞ்சள் களிமண். அப்புறம் சாம்பல் நிற மணல், அதில் கறுப்பாக மக்கிய இலைதழை. தண்ணீர் நன்றாக வந்ததும் அங்கேயே நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு அதில் ஒன்றும் தப்பாகப் படவில்லை. ஊருக்கு வந்த பிறகு விசாரித்தேன், படித்தேன். அந்தச் சாம்பல் நிறம்தான் இப்போது தூக்கத்தைக் கெடுக்கிறது.

உங்கள் நதியா ஜில்லாவின் தண்ணீரில் ஆர்சனிக் இருக்கிறது. நாட்டு வைத்தியர்கள் வெள்ளைப் பாஷாணம் என்பார்களே, அது இந்த ஆர்சனிக்கின் ஒரு வடிவம்தான். யாரும் கொண்டுவந்து கொட்டவில்லை. கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையை அரைத்துக் கொண்டுவந்த மண்ணிலேயே துளித்துளியாக இருப்பது. மணல் ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய இரும்புத் துரு பூசியிருக்கும். ஆர்சனிக் அந்தத் துருவைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது. அப்படியே கிடந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை.

கெடுப்பது மக்கிய தழைதான். மணலோடு சேர்ந்து செடிகொடியும் புதைந்து போகிறது. அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் முதலில் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். காற்று தீர்ந்த இடத்தில் அவை துருவை வைத்தே மூச்சு விடுகின்றன. அப்போது துரு கரைந்து இரும்பு தண்ணீரில் கலக்கிறது. பிடிமானம் போன ஆர்சனிக்கும் கூடவே வெளியே வருகிறது. துரு போன மணல் சாம்பல் நிறமாகிறது. துரு மிச்சமிருந்தால் மணல் செம்பழுப்பாக இருக்கும், அதில் ஊறும் தண்ணீர் பெரும்பாலும் நல்லது. பொதுவாக 500 அடிக்குக் கீழே இந்தப் பழைய பழுப்பு மணல் கிடைக்கிறது என்கிறார்கள். அந்தப் பக்கத்துப் போர் மேஸ்திரிகளில் பலர் மணலின் நிறத்தைப் பார்த்தே ஆழம் முடிவு செய்கிறார்களாம். எனக்குக் கல்லுப் பொடி எப்படியோ, அவர்களுக்கு மணல் அப்படி.

இன்னொரு சங்கதி. கரைந்த ஆர்சனிக் தண்ணீர் போகிற வேகத்தில் போவதில்லை. போகிற வழியில் துரு கிடைத்தால் ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் கழித்து விடும், மறுபடி ஒட்டும். எல்லா ஸ்டாப்பிலும் நிற்கிற நம்ம ஊர் டவுன் பஸ் மாதிரி. அதனால் ஒரு வீட்டுக் குழாயில் அதிகமாகவும், 100 அடி தள்ளி அடுத்த வீட்டில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கும். "எதிர் வீட்டில் சோதித்தார்கள், நல்ல தண்ணீராம்" என்று நீ சொன்னது எனக்குச் சமாதானம் இல்லை. உங்கள் குழாயைச் சோதிக்க வேண்டும். ஆழமான போரும் நிரந்தரமில்லை. அங்கிருந்து மோட்டார் வைத்து அதிகமாக உறிஞ்சினால் மேல் தண்ணீர் மெல்லக் கீழே இறங்கும். குழாயைச் சுற்றிச் சரியாக அடைக்காமல் விட்டாலும் இறங்கும். அடைப்பில் காசு மிச்சம் பிடிக்கிற மேஸ்திரிகளை இங்கேயும் பார்த்திருக்கிறேன்.

உங்கள் குழாயடியில் சிமென்ட் மேடை செந்நிறமாகக் கறை பிடித்திருந்ததே, அது கரைந்த இரும்பு காற்றுப் பட்டு மறுபடி துருவானது. அப்படித் துருவாகும்போது கொஞ்சம் ஆர்சனிக்கையும் பிடித்துக்கொள்ளும். ராத்திரி முழுக்கக் குடத்தில் வைத்துத் தெளிந்ததும் எடுப்பது ஓரளவு குறைக்கும். ஆனால் அதை நம்பிக் குழந்தைக்குக் கொடுக்காதே. காய்ச்சுவதால் பயனே இல்லை. தண்ணீர் ஆவியாகும், ஆர்சனிக் தங்கிவிடும். காய்ச்சக் காய்ச்சக் கெட்டியாகும், அவ்வளவுதான்.

ஊர்க்காரர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. குளத்துத் தண்ணீரைக் குடித்துக் காலராவிலும் பேதியிலும் குழந்தைகள் செத்ததால்தான் அங்கே அடிகுழாய் போட்டார்கள். 1983-ல் கல்கத்தாவின் தோல் மருத்துவர் கே.சி. சாஹா நோயாளிகளின் உடம்பில் தெரிந்த அடையாளங்களைப் பார்த்து ஆர்சனிக் என்று கண்டுபிடித்தார். நெஞ்சில் மழைத்துளி விழுந்த மாதிரிப் புள்ளிகள், உள்ளங்கையிலும் பாதத்திலும் கொரகொரப்பு. பல வருஷம் குடித்த பிறகுதான் வெளியே தெரியும். புற்றுநோய் வரைக்கும் போகும். நிறமில்லை, வாசனையில்லை, ருசியில்லை. நீ சொன்ன அந்த இளநீர் ருசிக்கு நான் பயப்படுவது இதனால்தான்.

இதே வார்த்தையை நானும் ஒரு காலத்தில் சொன்னேன், கண்ணு. 1986-ல் நம் தெருவுக்கு நானே நின்று போர் போட்டேன். 240 அடி. ஜில்லென்று, கண்ணாடி மாதிரி. ஊரே என்னைப் புகழ்ந்தது. நீ பிறந்து அந்தத் தண்ணீரில்தான் வளர்ந்தாய். பல் முளைத்தபோது பழுப்பு வரி. பாறையிலிருந்து ஃபுளோரைடு கரைந்து வருகிறது, சுண்ணாம்புச்சத்து குறைந்து காரம் மிஞ்சிய தண்ணீரில் அது தங்கிவிடுகிறது என்று எனக்கு அப்போது தெரியாது. நம் பக்கத்தில் பலருக்கு ஆழம் போகப் போகத் தொல்லை. உங்கள் பக்கத்தில் ஆழம்தான் தப்பிக்க வழி. ஒரே தொழில், கணக்கு தலைகீழ். 2013-ல் ஒகேனக்கல் தண்ணீர் வரும் வரை அந்தப் போர்தான் எங்களுக்கு. உன் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட நீ வாய் திறந்து சிரிக்கவில்லை. நான் அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஃபுளோரைடுக்கு ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரை கடைசி வரம்பு. ஆர்சனிக்குக்கு 0.01. நூற்றைம்பதில் ஒரு பங்கு. அங்கே பொது சுகாதாரப் பொறியியல் துறைக்குச் சோதனைக் கூடங்கள் உண்டு. மாப்பிள்ளையிடம் சொல்லி ஒரு பாட்டில் கொண்டுபோகச் சொல். முடிவு வரும் வரை குடிக்கவும் சமைக்கவும் வெளியிலிருந்து வாங்கு, காசு நான் அனுப்புகிறேன். குளிக்க, துணி துவைக்க அந்தத் தண்ணீரே போதும்.

சோற்றுக்கும் ஒரு வார்த்தை. வெள்ளம் நிற்கும் வயலில் நெல் ஆர்சனிக்கை இழுத்துக்கொள்ளும். குக்கரை ஓரம் வைத்துவிட்டு, நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி, அம்மா மாதிரி வடித்துக் கஞ்சியைக் கொட்டிவிடு. நிறையவே குறையும். அம்மா இதைக் கேட்டு, "நான் அப்பவே சொன்னேன்" என்கிறாள். அவள் வேறு காரணத்துக்குச் சொன்னாள், இருந்தாலும் ஒத்துக்கொண்டேன்.

வீட்டுச் சொந்தக்காரரிடம் ஒன்று கேட்டு எழுது. ஆழத்தைக் கேட்டால் அவருக்கு ஞாபகம் இருக்காது. எத்தனை குழாய் இறக்கினார்கள் என்று கேள், ஒரு குழாய் 20 அடி. மணல் என்ன நிறத்தில் வந்தது என்றும் கேள். மேஸ்திரி உள்ளூர் ஆளாக இருந்தால் அவரிடமே கேட்பது உத்தமம். அவர் பாஷை உனக்குப் புரியாவிட்டால் போனை அவர் கையில் கொடு. எப்படியாவது பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா