வேலா எக்ஸ்-1 மங்குவது பற்றி, மகளுக்கு

பாப்பா,

நம் விண்வெளித் தொலைநோக்கி அஸ்ட்ரோசாட்டிலிருந்து நீ எடுத்த தரவில், எக்ஸ் கதிர் உமிழும் இரட்டை விண்மீனான வேலா எக்ஸ்-1 திடீர் திடீரென்று மங்குகிறது, அந்த இடங்களை வெட்டி எறிந்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். அவசரப்படாதே. கருவிக் கோளாறு இல்லை என்று பார்த்துவிட்டால், அப்புறம் அந்த மங்கல்கள்தான் உனக்குச் சரக்கு.

சுமார் 6,500 ஒளியாண்டுக்கு அப்பால் சூரியனைப் போல இருபது மடங்குக்கு மேல் நிறையுள்ள ஒரு நீல ராட்சச விண்மீன், அதை ஒன்பது நாளுக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் சுற்றும் ஒரு நியூட்ரான் விண்மீன், அதாவது வெடித்து முடிந்த பெரிய விண்மீனின் நெருக்குண்ட கரு. சுற்றுவதும் தூரத்தில் இல்லை, ராட்சசனின் மேற்பரப்புக்கு மேலே அதன் ஆரத்தைவிடக் குறைந்த உயரத்தில்தான். ராட்சசனிலிருந்து வீசும் வாயுவை, நாம் காற்று என்று சொல்வதை, இன்னும் முழு வேகம் பிடிக்காத நிலையில் அது சந்திக்கும் இடம் அது. ராட்சசன் ஆண்டுக்குச் சூரிய நிறையில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கை ஊதித் தள்ளுகிறது, நம் சூரியன் இழப்பதைவிடச் சில கோடி மடங்கு. நியூட்ரான் விண்மீனின் குறுக்களவு 25 கிலோமீட்டர்தான் இருக்கும், ஆனால் பத்து லட்சம் கிலோமீட்டர் தள்ளிப் போகிற காற்றைக்கூட அதன் ஈர்ப்பு மடக்கிவிடும். ஓடும் வாயுவில் எவ்வளவு ஈர்ப்பில் சிக்கும் என்று சொல்லும் பாண்டி-ஹாயில் கணக்கை நீயே போட்டுப் பார்: ராட்சசன் இழக்கும் நிறை மாறாமல் காற்றின் வேகம் மட்டும் இரட்டித்தால், சிக்குவது தோராயமாகப் பதினாறில் ஒரு பங்காகிவிடும்!

இப்படி வேகத்துக்கு ஆடிப்போகிற அமைப்பில் காற்றைச் சீரானது என்று வைத்துக்கொண்டு மாதிரி போடுவது எனக்குச் சோம்பேறித்தனமாகவே படுகிறது. காற்றைத் தள்ளுவது ஒளி. கார்பன், நைட்ரஜன், இரும்பு அயனிகள் தங்கள் நிறமாலைக் கோடுகளில் புற ஊதாவை விழுங்கி உந்தம் பெறுகின்றன. 1975-இல் காஸ்டர், ஆபட், கிளைன் மூவரும் இதைக் கணக்காக்கினார்கள். இந்தத் தள்ளலே நிலையில்லாதது, சற்று முந்திய வாயு மற்றவற்றின் நிழலைவிட்டு விலகி, இன்னும் ஒளி வாங்கி, இன்னும் முந்தும், கடைசியில் காற்று திட்டுத்திட்டாகிவிடும். அடர்ந்த திட்டு நியூட்ரான் விண்மீன் மேல் விழுந்தால் எக்ஸ் கதிர் பொங்கும், வெற்றிடம் வந்தால் படுத்துவிடும். 2003-இல் ஐரோப்பிய விண்வெளித் தொலைநோக்கி இன்டெக்ரல் பார்த்தபோது பெரிய பொங்கலும் இருந்தது, நியூட்ரான் விண்மீன் சுழல்வதால் வரும் துடிப்பே தெரியாத சில நிமிடங்களும் இருந்தன.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. விழுந்த பொருள் உமிழும் எக்ஸ் கதிர், வந்துகொண்டிருக்கும் காற்றின் அயனிகளிலிருந்து எலக்ட்ரான்களை இன்னும் உரித்துவிடுகிறது, புற ஊதாவை விழுங்கும் கோடுகள் போய்விடுகின்றன, தள்ள ஆளில்லாமல் காற்று தளர்கிறது. தளர்ந்த காற்று இன்னும் சுலபமாகச் சிக்கும். அதாவது நியூட்ரான் விண்மீன் தன் சாப்பாட்டைத் தானே மாற்றிக்கொள்கிறது, காற்றை வெளியிலிருந்து வரும் மாறாத எண்ணாக நீ எழுத முடியாது.

சரி, வேலைக்கு வா. தாழ்ந்த ஆற்றல் எக்ஸ் கதிரையும் உயர்ந்த ஆற்றல் எக்ஸ் கதிரையும் தனித்தனி வரைபடமாகப் போடு. தாழ்ந்தது மட்டும் சரிந்தால் நடுவில் அடர்ந்த வாயு மறைக்கிறது, சுற்றின் பின்பாதியில் அது அதிகம். இரண்டும் சேர்ந்து சரிந்து 283 விநாடித் துடிப்பும் காணாமல் போனால் விழுவதே குறைந்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றரை நாளுக்கு மேல் ராட்சசன் மறைக்கும் கிரகணத்தை மட்டும் முதலிலேயே கழித்துவிடு. படம் வந்ததும் எனக்கும் அனுப்பு.

அப்பா