பூச்சியம்

மச்சான்,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான். கட்டையன் திரும்பவும் வள்ளம் வாங்கப் போகிறானாம். சிரிக்காதே, இந்த முறை உண்மையாம்.

சரி, எழுத வந்தது வேறு. போன கிழமை பள்ளிக்கூடத்துக்கு ஒரு படிவம் வந்தது. பிள்ளைகள் ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் உடற்பயிற்சி செய்கிறார்கள் என்று அவர்களையே கேட்டு நிரப்ப வேண்டும். ஏழாம் ஆண்டில் கடைசி வாங்குப் பிள்ளை ஒன்று பூச்சியம் என்று எழுதித் தந்தாள். விடிய எழும்பி, இரண்டு வளவு தள்ளிக் குழாய்க்கிணற்றில் தண்ணீர் எடுத்து, ஆடுகளை மாற்றிக் கட்டி, தம்பியை முன்பள்ளியில் விட்டு, கிரவல் ரோட்டில் நாலு கிலோமீற்றர் நடந்து வருபவள். குடம் வைத்து வைத்துச் சட்டையின் இடப்பக்கம் மட்டும் வெளிறிப்போயிருக்கிறது.

"ஏன் பிள்ளை பூச்சியம்?"

"நான் பயிற்சி ஒண்டும் செய்யிறேல்லை சேர்."

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதுவரை நாளுக்குச் சராசரி 60 நிமிடம் உடம்பு நன்றாக அசைய வேண்டும் என்கிறது. நடையும் வீட்டு வேலையும் அதில் சேரும். அப்படிப் பார்த்தால் முதல் பாடத்துக்கு மணி அடிக்க முன்பே இவள் கணக்கு முடிந்துவிடுகிறது. பூச்சியத்தை வெட்டி 90 என்று போட்டேன். போட்ட கை கூசியது மச்சான். 90 என்று போனால், வன்னிப் பிள்ளைகள் நன்றாகத்தான் ஓடித் திரிகிறார்கள், மைதானம் எதற்கு என்று ஒருவன் எழுதுவான். குடம் தூக்குவது விளையாட்டா?

பள்ளிக்கூட இல்லங்களுக்கிடையிலான மெய்வல்லுநர் போட்டியில் வெறுங்காலோடு ஓடி இரண்டாவதாக வந்தவள் இவள். பின்னேரப் பயிற்சிக்கு நில் என்றால் நிற்கமாட்டாள். தாய் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் போய் இருட்டித்தான் திரும்புகிறாள், ஆடுகளை யார் பார்ப்பது? மற்றப் பக்கம், புலமைப்பரிசில் சோதனைக்குப் படிக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே ரியூசன். அதுகளுக்கு வெயிலே படுவதில்லை.

இன்னொன்று. போர் முடிந்து 2010இல் நாங்கள் ஊர் திரும்பி வந்தபோது பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது என்ன? பாதையை விட்டு இறங்காதே. கண்ணிவெடி என்று சொல்லும் சிவப்பு மண்டையோட்டுப் பலகையைக் கண்டால் நில். அன்று அதைக் கேட்டு நின்றவர்கள் இன்று தாய்மார். வெடி எடுத்து முடித்த காணியிலும் பிள்ளையை ஓடவிட அவர்களுக்கு மனம் வருவதில்லை. அதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

நேற்று இடைவேளைக்குச் சாம்பலால் கோடு போட்டுக் கிளித்தட்டு விளையாடவிட்டேன். இவள்தான் கிளி. எட்டி அடித்தாள், கத்தினாள், உன்னைப்போலவே அலாப்பினாள். மணி அடித்தும் தட்டை விட்டுப் போகவில்லை. அதிபர் என்னைத்தான் முறைத்தார்.

படிவம் இன்னும் லாச்சிக்குள் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும். நீ என்றால் என்ன எழுதுவாய்?

கட்டையனின் வள்ளம் பற்றி அடுத்த கடிதத்தில்.

உன்,
பி.ரி. மாஸ்ரர்