முன்பதிவுத் தளங்களை நடத்துவோருக்கு: இடைநாளில் கைவைக்காதீர்கள்

வணக்கம்.

ஒருவர் காலி செய்த அன்றே அடுத்தவரை ஏற்காத காட்டேஜ்கள் இனித் தேடலில் பின்னுக்குப் போகும் என்று சென்ற வாரம் நீங்கள் அனுப்பிய அறிவிப்பைப் படித்தோம். இரண்டு முன்பதிவுகளுக்கு நடுவே நாங்கள் அடைத்து வைக்கும் அந்த ஒரு நாள், அந்த இடைநாள், உங்களுக்கு வருமானம் தராத இரவாகத் தெரிகிறது. எங்களுக்கு அது மெத்தை காயும் நாள். அதை எடுத்துவிடாதீர்கள் என்று கேட்கவே இந்த மடல்.

11 மணிக்கு செக்-அவுட், 2 மணிக்கு செக்-இன். திரையில் பார்த்தால் 3 மணி நேரம். கிளம்புகிறவர் அரை மணி பிந்துவார், வருகிறவர் அரை மணி முந்துவார். கையில் மிஞ்சுவது 2 மணி நேரம். இரண்டு படுக்கையறை, ஒரு குளியலறை உள்ள சின்ன வீட்டைக்கூட, கைப்பழக்கம் உள்ள இரண்டு பேர் சேர்ந்தால்தான் 3 மணி நேரத்தில் முடிக்க முடியும். அதுவும் எதுவும் உடையாமல், சிந்தாமல் இருந்தால்.

கட்டிலுக்கு மூன்று செட் விரிப்பு வைத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள். வைத்திருக்கிறோம்: ஒன்று கட்டிலில், ஒன்று துவைக்க, ஒன்று அலமாரியில். 60 டிகிரி சூட்டில் ஒரு முறை துவைத்து எடுக்கவே ஏறக்குறைய 2 மணி நேரம் ஆகிறது. மூன்று செட் இல்லாமல் இந்த வேலையே நடக்காது. சிக்கல் விரிப்பில் இல்லை, அதற்குக் கீழே இருக்கிற மெத்தையில்.

விரிப்பை உருவியதும் நாலு மூலையிலும் ஓரத் தையலை விரலால் விலக்கி, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பேனா முனையால் குத்தியது போன்ற கரும்புள்ளிகள் இருந்து, ஈரத் துணியால் தேய்த்ததும் மைபோல் இழுபட்டால், அது மூட்டைப்பூச்சி. அப்புறம் தலைமாட்டுப் பலகையைக் கழற்றி அதன் பின்பக்கத்தையும் திருகு ஓட்டைகளையும் பார்த்தாக வேண்டும். அன்று பார்க்காமல் விட்டால், அடுத்து வருகிறவர் அதைத் தன் பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டுபோவார்.

குழந்தை நனைத்த மெத்தை இன்னொரு பாடு. நீர் புகாத உறை நன்றாக இருந்தால் தப்பித்தோம். தையல் விட்டிருந்தால் ஃபோம் முழுவதையும் உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்த துண்டால் அழுத்தி ஒற்ற வேண்டும். சமையல் சோடா தூவிச் சில மணி நேரம் விட்டு, வாக்குவம் கிளீனரால் இழுத்து, மெத்தையைச் சுவரில் சாய்த்து மின்விசிறிக் காற்றில் வைக்க வேண்டும். தொட்டுப் பார்த்தால் மேலே காய்ந்திருக்கும்; உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். அந்த ஈரம் காய ஒரு நாளாவது ஆகும். அவசரப்பட்டு உறையை மாட்டி விரித்தால் முதலில் நாற்றம், பிறகு பூஞ்சை.

அவசரத்தில் ஆபத்தும் இருக்கிறது. கிருமிநாசினி எத்தனை நிமிடம் ஈரமாக நிற்க வேண்டும் என்று அதன் டப்பாவிலேயே எழுதியிருக்கும். பலவற்றில் 10 நிமிடம். ஊற்றிய கையோடு துடைத்தால் வாசனைதான் மிஞ்சும், கிருமி சாகாது. நேரம் போதாதவர் கழிப்பறையில் அமிலக் கிளீனரை ஊற்றி, கறை போகவில்லையே என்று அதன் மேலேயே ப்ளீச்சையும் ஊற்றிவிடுகிறார். குளோரின் வாயு கிளம்புகிறது. ஜன்னல் இல்லாத குளியலறையில் அந்த மூச்சை இழுப்பது சுத்தம் செய்ய வந்த பெண். அவரை உங்கள் கணக்கில் எங்கே வைத்திருக்கிறீர்கள்?

நேரத்தைக் குறைப்பது நீங்கள். ஷவர் மூலையில் ஒரு முடி கிடந்து, சுத்தத்துக்கு ஒரு நட்சத்திரம் குறைந்தால் எச்சரிக்கை அனுப்புவதும் நீங்கள். வாடகையைக் குறைக்கச் சொல்லி ஒரு நாள், எங்களைக் கேட்காமலே முன்பதிவு உறுதியாக விடச் சொல்லி மறுநாள், ஒற்றை இரவுக்கும் கதவைத் திறக்கச் சொல்லி அதற்கடுத்த நாள் என்று வந்துகொண்டே இருக்கிறது. விளக்கைப் போட்டுவிட்டு வரவேற்க ஆளில்லாமல் போன வீடுகள் பெருகுவதற்கு இதெல்லாம் காரணமில்லையா?

கேட்க வந்ததை விட்டு எங்கோ போகிறோம். மன்னிக்கவும்.

இடைநாள் வைத்திருப்பதற்காக எந்த வீட்டையும் தேடலில் கீழே தள்ள வேண்டாம். முழு நாள் தர முடியாது என்றால், கூட்டம் மிகுந்த மாதங்களில் செக்-இன்னை மாலை 5 மணிக்குத் தள்ளிவைக்கவாவது விடுங்கள். 6 மணி நேரம் கிடைக்கும். மெத்தை நனைந்தாலோ பூச்சி தென்பட்டாலோ, புகைப்படத்தோடு தெரிவித்ததும் அன்றிரவை அபராதம் இல்லாமல் அடைக்க வழி செய்யுங்கள். வந்தவரை வேறு வீட்டில் தங்கவைக்கும் பொறுப்பில் எங்கள் பங்கை நாங்கள் ஏற்கிறோம்.

அறிவிப்பு நடைமுறைக்கு வருமுன் பதில் எழுதுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
காட்டேஜ்களை வாடகைக்கு விடுவோரும் அவற்றைச் சுத்தம் செய்வோரும்