பவுன்ஸ் அடிப்பது சர்வரின் வேலை

தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, மண்ணடி கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்காரர்களுக்கு,

வணக்கம். ராயபுரத்தில் உட்கார்ந்து உங்கள் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்பவன் எழுதுகிறேன். போன வாரம் இரண்டு நாள் உங்கள் மெயில் எதுவும் ஒழுங்காகப் போகவில்லை. டிஓ (சரக்கை எடுக்கத் தேவையான டெலிவரி ஆர்டர்) கேட்டு எழுதியது ஷிப்பிங் லைனுக்குச் சேரவில்லை, தாமதக் கட்டணமான டெமரேஜ் ஏறியது, எனக்குத் திட்டு விழுந்தது. திட்டியது நியாயம்தான். ஆனால் காரணம் உங்களில் ஒருவர்.

சர்வரின் பதிவேடான லாகைப் பார்த்தேன். ஒரே ஆபீஸிலிருந்து வரிசையாக மெயில்கள். அனுப்புநர் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கோண அடைப்பு, நடுவில் ஒன்றுமில்லை. மெயில் போய்ச் சேரவில்லை என்று சர்வரே அனுப்பும் பவுன்ஸ் மெயிலுக்கு அதுதான் அடையாளம். ஆனால் அனுப்பியது சர்வர் இல்லை. ஸ்பாம் வந்தால் ‘இப்படி ஒரு முகவரியே இல்லை’ என்று திருப்பி அடிக்கும் மென்பொருள் ஒன்றை அங்கே யாரோ போட்டிருக்கிறார்கள்.

வந்த தபாலில் நாமே ‘விலாசதாரர் இல்லை’ என்று முத்திரை குத்தலாமா? அது போஸ்ட்மேன் எழுத வேண்டியது. அதுவும் ஸ்பாமில் இருக்கும் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் திருட்டு முகவரி. உங்கள் பவுன்ஸ் போய் விழுவது சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவர் தலையில். சில நேரம், ஸ்பாம் பிடிக்கவென்றே வைத்திருக்கும் பொறி முகவரியில். அப்புறம் நம் ஐபி, அதாவது சர்வரின் இணைய எண், ஸ்பாம் அனுப்புவோரின் கறுப்புப் பட்டியலில். அதைப் பார்க்கும் மற்ற சர்வர்கள் நம் மெயிலை வாங்காது. அந்த ஐபி உங்கள் எல்லோருக்கும் பொது. ஒரு வீட்டுக்காரர் சாக்கடையை அடைத்தால் தெருவுக்கே தண்ணீர் ஏறுகிற கதைதான்.

இன்னொருவர் பாக்கி கேட்ட சப்ளையருக்குக் கையாலேயே பவுன்ஸ் தயாரித்திருக்கிறார். அனுப்புநர் பெயர் ‘மெயிலர் டீமன்’, சர்வர்கள் பவுன்ஸில் போட்டுக்கொள்ளும் பெயர். கீழே கம்பெனி லோகோ, ‘நன்றி, அன்புடன்’. எந்த சர்வர் ஐயா அன்புடன் எழுதும்?

சரி, விஷயம் இதுதான். இன்று இரவு முதல், நீங்கள் மெயில் அனுப்பும் வாசலான 587ஆம் போர்ட்டில் லாகின் செய்து வரும் மெயிலில் அனுப்புநர் காலியாக இருந்தால், சர்வர் 550 (‘வாங்க முடியாது’ என்ற குறி) சொல்லி வாசலிலேயே மறுத்துவிடும். லாகினுக்குரிய முகவரி தவிர வேறு பெயரிலும் அனுப்ப முடியாது. வெளியிலிருந்து மற்ற சர்வர்கள் வரும் வாசலான 25ஆம் போர்ட்டுக்கு வரும் காலி அனுப்புநரைத் தடுக்க மாட்டேன். நீங்கள் முகவரியைத் தப்பாக அடித்தால் வரும் நிஜமான பவுன்ஸ் அந்த வழியாகத்தான் வர வேண்டும். 2008இல் வந்த மெயில் விதி ஆவணமான ஆர்எஃப்சி 5321 சொல்வதும் அதுதான்.

ஒரு நஷ்டம் உண்டு. ‘படித்துவிட்டார்’ என்று அவுட்லுக் அனுப்பும் ரசீதும் காலி அனுப்புநரோடுதான் போக வேண்டும் என்பது விதி, அதனால் அதுவும் நிற்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் மெயில் வேண்டவே வேண்டாம் என்றால் முகவரியை எனக்கு அனுப்புங்கள். உள்ளே வாங்குவதற்கு முன்பே சர்வர் மறுத்துவிடும், அனுப்பியவருக்கு அவருடைய சர்வரே தகவல் சொல்லிவிடும். பாக்கி கேட்பவரை மட்டும் நீங்களே சமாளியுங்கள்.

அந்த மென்பொருள் எந்த மேசையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். திங்கட்கிழமை வந்து நானே எடுத்துவிடுகிறேன், டீ சொல்லி வையுங்கள்.