செயலாளரின் ஆண்டறிக்கை: கட்டடத்துக்குள் ரிப்பீட்டர்

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன, வரவுசெலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். இந்த வருடம் நம் உழைப்பு பெரும்பாலும் ஒரே வேலைக்குத்தான் போனது, அதனால் அதையே விவரமாக எழுதுகிறேன்.

நம் ரேடியோ செட்டில் பேசுவதை வாங்கி, பவர் கூட்டித் திரும்ப அனுப்பும் நிலையம்தான் ரிப்பீட்டர். தெருவில் நின்றால் அது கணீரென்று கேட்கிறது, கட்டடத்துக்குள் போய்விட்டால் நாம் பேசுவது அதற்கு எட்டுவதில்லை. இதுதான் புகார். பவரைக் கூட்டுங்கள் என்று பலர் சொன்னீர்கள். ஆனால் ரிப்பீட்டர் 50 வாட், நம் கையில் இருக்கும் செட் 5 வாட், ஏற்கெனவே 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு, வித்தியாசம். இன்னும் கூட்டினால் அது பேசுவதுதான் நமக்கு நன்றாகக் கேட்கும், நம் குரல் அங்கே போய்ச் சேராது.

சரி என்று செட்டும் நோட்டுமாக மாடி மாடியாக நடந்து பார்த்தோம். ஒரு படிக்கட்டுத் திருப்பத்தில் சுத்தமாக அறுந்துபோன சிக்னல், ஒரு சாண் தள்ளி நின்றதும் திரும்பி வந்தது. நாம் பேசும் 435 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 69 செ.மீ. தான், சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் கால் அலைநீளம், அதாவது 17 செ.மீ. நகர்ந்தாலே நிலைமை மாறிவிடும். உலோகப் பூச்சுள்ள ஜன்னல் கண்ணாடிதான் எங்களை மிகவும் படுத்தியது, செங்கல் சுவரே தேவலை.

ஆகவே அந்தக் கட்டடங்களுக்கு நடுவே இன்னொரு ரிசீவர் வைத்தோம். இரண்டு ரிசீவர்களில் எது தெளிவாகக் கேட்கிறதோ அதை வோட்டர் கருவி ரிப்பீட்டருக்குக் கொடுக்கும். முதலில் மாட்டியது உயரமான, கெயின் (சிக்னலை ஒரு பக்கமாகக் குவிக்கும் திறன்) அதிகமான ஆன்டெனா. அது எங்கள் தவறு. கெயின் என்பது சும்மா வருவதில்லை, மேலும் கீழும் உள்ளதைப் பிழிந்து தொடுவானத்தின் பக்கம் தள்ளுவதால்தான் வருகிறது, காலடியில் இருக்கும் கீழ்மாடிகளுக்கு ஒன்றும் மிஞ்சாது. அதைக் கழற்றிவிட்டு ஒரு சாதாரண டைபோலை (இரண்டு கம்பிகளால் ஆன எளிய ஆன்டெனா), தண்ணீர்த் தொட்டியின் மறைவிலிருந்து கைப்பிடிச் சுவரின் மூலைக்குக் கொண்டுவந்து செங்குத்தாக நிறுத்தினோம். அப்புறம் கேபிள். ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிளை 30 மீட்டர் இழுத்தால் இந்த அலைவரிசையில் சிக்னலில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் ரிசீவருக்கு வரும், அதனால் தடித்த கேபிளாக மாற்றி நீளத்தையும் குறைத்தோம்.

மேல்மாடி முதல் தரைத்தளம் வரை இப்போது பேச முடிகிறது. தரைக்குக் கீழே உள்ள அடித்தளம் மட்டும் பாக்கி. அங்கே வெளியிலிருந்து எதுவும் நுழையாது, நீளம் முழுக்கச் சிக்னலைக் கசியவிடும் கேபிளைத்தான் கூரையோரமாக ஓட்டவேண்டும். தீ விபத்து, வெள்ளம் என்று வந்தால் ஆட்கள் சிக்கிக்கொள்வது அங்கேதான், அதனால் இதைத் தள்ளிப்போட எனக்கு மனமில்லை. கூட்டத்தில் ஒப்புதல் தாருங்கள், நடந்து அளக்க வருகிறவர்கள் இன்றே பெயர் கொடுத்துவிடுங்கள்.