தமிழ்ச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை 2024: ஹொன்னிங்ஸ்வோக், நூர்காப் கொம்யூன் (உள்ளூராட்சிப் பகுதி), வட நோர்வே

தலைவி, பொருளாளர், நிர்வாகக் குழுவினர், அங்கத்தவர்கள், பின் வரிசையில் இருந்து தேநீர் எப்போது வரும் என்று பார்க்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் வணக்கம்.

வழமையாக இந்த அறிக்கை நாலு பந்தியோடு முடிந்துவிடும். இந்த முறை அப்படி முடியாது. போன பொதுக்கூட்டத்தில் நீங்களே எடுத்த முடிவுப்படி வருட நிகழ்ச்சிகள் எல்லாவற்றையும் நாம் இருக்கும் கொம்யூனைப் பற்றியதாக வைத்தோம், ஏனென்றால் ஒஸ்லோவில் இருந்தோ கனடாவில் இருந்தோ ஆட்கள் வந்தால் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் நூர்காப் மலைமுனையில் அந்த இரும்புப் பூகோள உருண்டைக்கு முன்னால் படம் எடுத்து அனுப்பிவிடுகிறோம், அதற்கு மேல் ஊரைப் பற்றி யாராவது கேட்டால் முழிக்கிறோம். அந்த உருண்டை 1970களின் கடைசியில் வைத்தது. ஊர் அதைவிடக் கொஞ்சம் பழையது!

முதலில் தைப்பொங்கல். நம் ஊரில் நவம்பர் 20 அளவில் இறங்கும் சூரியன் ஜனவரி 21, 22 வரை தலை காட்டாது. ஆகவே தை முதலாம் திகதி சூரியப் பொங்கல் என்பது சூரியன் இல்லாத பொங்கல்தான். இரண்டு வருடமாக இழுபட்ட வாதத்துக்கு இந்த முறை முடிவு கட்டினோம்: நாள்காட்டிப்படி வீட்டில் அவரவர் பொங்குவது, சங்கப் பொங்கல் சூரியன் திரும்பிய பிறகு வரும் சனிக்கிழமை. மண்டபத்துக் குசினியில் மின்னடுப்பில் பானை வைத்து, பால் பொங்குவதற்குள் புகை எச்சரிக்கை மணி இரண்டு தரம் அடித்து, கடைசியில் ஒருவர் கதிரையில் ஏறி நின்று துவாயால் விசிறிக்கொண்டிருக்க மற்றவர்கள் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தியது எல்லோருக்கும் நினைவிருக்கும். வெளியே தெற்குப் பக்கம் மட்டும் வானம் கொஞ்சம் வெளுத்திருந்தது. ஊரைச் சுற்றி மலை என்பதால் திரும்பி வந்த சூரியனும் அன்று நேரே தெரியவில்லை. பரவாயில்லை, வந்துவிட்டது என்று பஞ்சாங்கம் சொன்னது.

மார்ச்சில் தேவாலயத்தைப் பார்க்கப் போனோம். தினமும் கடந்து போகிறோம், உள்ளே போனவர்கள் குறைவு. வெள்ளை மரக் கட்டடம், 1885ல் கட்டியது. அதற்கு முன் இந்தப் பக்கத்துக்குத் தேவாலயம் இருந்த இடம் ஷெல்விக், நமக்குக் கிழக்கே திறந்த கடலை ஒட்டிய மீனவக் கிராமம். 1882ல் வந்த புயல் ஷெல்விக்கையும் தேவாலயத்தையும் அடித்துக்கொண்டு போனது. மறுபடி கட்டும்போது, ஒதுக்கான துறைமுகம் உள்ள ஹொன்னிங்ஸ்வோக்கில் கட்டினார்கள், அப்புறம் ஆட்களும் கடையும் படகும் மெல்ல மெல்ல இந்தப் பக்கம் நகர்ந்தன. கொம்யூனுக்கு மட்டும் 1950 வரை ஷெல்விக் என்றே பெயர். ஊர் போன பிறகும் பெயர் எழுபது வருடம் தாக்குப்பிடித்திருக்கிறது. பிறகுதான் நூர்காப் என்று மாற்றினார்கள். நாம் இருக்கும் மாகெரொயாத் தீவின் மேற்குப் பக்கம், யெஸ்வார் உட்பட, 1984 வரை பக்கத்துக் கொம்யூனான மோசொய்யில்தான் இருந்தது.

தேவாலயத்துக்குள் இருந்தபோது கேட்ட கதைதான் இந்த வருடத்தின் கனமான பகுதி. 1944 ஒக்டோபர் 28ஆம் திகதி நோர்வேயைப் பிடித்து வைத்திருந்த ஹிட்லரின் கட்டளை: நம் மாகாணமான பின்மார்க்கும் பக்கத்து வட துரொம்ஸும் காலியாக வேண்டும், சோவியத் செம்படைக்கு ஒரு கூரையும் மிஞ்சக் கூடாது. ஏறத்தாழ 50,000 பேரைக் கட்டாயமாகத் தெற்கே ஏற்றினார்கள், வேறு பல ஆயிரம் பேர் குகையிலும் குடிசையிலும் அந்தக் குளிர்காலத்தை ஒளிந்து கழித்தார்கள். வீடு, மாட்டுக்கொட்டில், மீன் தொழிற்சாலை, தந்திக் கம்பம் என்று வரிசையாக எரித்தும் வெடிவைத்தும் போனார்கள். நம் ஊரில் மிஞ்சியது இந்தத் தேவாலயம் ஒன்றுதான். 1945ல் அரசு இப்போதைக்கு வராதே என்று சொல்லியும் கேளாமல் ஆட்கள் திரும்பி வந்தார்கள், வந்தவர்களுக்கு இருந்த ஒரே கூரை இது என்பதால் உள்ளேயே தங்கி, உள்ளேயே சமைத்து, வெளியே பலகைக் குடில்கள் எழும்பும்வரை அங்கேயே குடும்பம் நடத்தினார்கள்.

அன்று வாங்கில் இருந்த நம்மில் பாதிப் பேர் எழும்பி வெளியே போய் நின்றோம். இடம்பெயர்ந்து கோவிலிலும் பள்ளிக்கூடத்திலும் படுத்துக் கிடந்தவர்களுக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. வழிகாட்டியாக வந்த பெண்மணிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை, பிறகு நம் மாமி ஒருவர் அரைகுறை நொஸ்க்கில் (நோர்வே மொழியில்) விஷயத்தைச் சொல்ல, அவரும் தன் பாட்டி கொண்டுபோன மூட்டையைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, ஒரு மணி நேரச் சுற்று இரண்டரை மணி நேரமாகியது. வானுக்குக் கூடுதல் வாடகை வந்தது அதனால்தான், பொருளாளர் அண்ணை கவனிக்கவும்.

இதைப் பார்த்த பிறகு ஊரின் வீடுகளை வேறு மாதிரிப் பார்க்கத் தோன்றுகிறது. ஒரே அளவு, ஒரே கூரைச் சரிவு, நிறம் மட்டும் வேறு. இவை போருக்குப் பின் அரசு வரைபடங்களை வைத்து வேகவேகமாகக் கட்டிய மீள்கட்டுமான வீடுகள். அழகில்லை என்று ஒஸ்லோ ஆட்கள் சொல்வார்கள். சரி, சொல்லட்டும்.

ஏப்ரலில் யெஸ்வார். பழைய நோர்ஸ் அரச வரலாறுகளிலேயே பெயர் வரும் மீனவ ஊர், இப்போது குடியிருப்பவர்கள் சொற்பம். படகில் யெஸ்வார்ஸ்தப்பன் பாறைத் தீவுகளைச் சுற்றினோம். ஏப்ரல் நடுப்பகுதியில் கடல்கிளிகள் முட்டையிடக் கரைக்கு வரும், செம்மஞ்சள் மூக்கோடு கட்டை இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு, பறக்கிறதா விழப்போகிறதா என்று சொல்ல முடியாத பறப்பு. மூன்று பேருக்கு வாந்தி. பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை.

மே மாதக் கூட்டம் மீனைப் பற்றியது, வருகை அதிகமான கூட்டமும் அதுதான், ஏனென்றால் அதைப் பற்றி எல்லோருக்கும் சொல்ல ஏதோ இருந்தது. இந்தக் கரை ஓடுவது கொட் மீனில்தான். வசந்தத்தில் நெத்தலி மாதிரிச் சின்னதான லொட்டை மீன் முட்டையிடப் பின்மார்க் கரைக்கு வரும், அதைத் துரத்திக்கொண்டு கொட் வரும், அதைத் துரத்திக்கொண்டு படகு வரும். பிடித்ததை ஒரு கல் உப்பும் போடாமல் மரச் சட்டங்களில் தொங்கவிட்டு, குளிர்காற்றிலேயே கல்லாகக் காயவைப்பார்கள். ஊரில் உப்புக் கருவாட்டோடு வளர்ந்த நமக்கு முதலில் நம்பிக்கை வராத வேலை. முற்காலத்தில் வெள்ளைக்கடல் பக்கமிருந்து ரஷ்ய வணிகர்கள் கோடையில் வந்து மாவும் மரமும் கொடுத்து மீன் வாங்கிப்போனார்கள், ரஷ்யப் புரட்சியோடு அது நின்றது.

அந்தக் கூட்டத்தில் 1980களைப் பற்றியும் கதைத்தோம். 1956ல் யாழ்ப்பாணத்தில் இருந்து நோர்வே வந்த அன்ரனி இராஜேந்திரத்தில் தொடங்கி, காரைநகர் சீநோர் மீன்பிடி நிறுவனம் வழியாக, படிப்பு விசாவில் வந்த இளைஞர்கள் வரைக்கும் கதை எல்லோருக்கும் தெரியும். 80களின் நடுவில் பின்மார்க் தொழிற்சாலைகளுக்கு ஆள் தட்டுப்பாடு, உள்ளூர் இளைஞர்கள் தெற்கே போய்க்கொண்டிருந்தார்கள், நம்மவர்கள் வேலை தேடி வடக்கே வந்தார்கள். வந்த கொஞ்ச நாளிலேயே இடி: கடலில் லொட்டை குறைந்தது, ரஷ்யப் பக்கத்திலிருந்து கடல்நாய்கள் கூட்டங்கூட்டமாக வந்து வலையை நாசமாக்கின, 1989 ஏப்ரலில் கரையோரப் படகுகளின் கொட் பிடிப்பையே நிறுத்தினார்கள். கரையோரம் முழுக்கத் தொழிற்சாலைகள் மூடின. நம்மில் பலர் அப்போதும் பிறகும் ஒஸ்லோ, பெர்கன் என்று இறங்கிப் போனார்கள். இருந்தவர்கள் இருந்தோம். மேசையில் கத்தி பிடித்து நின்ற காலத்தை ஒரு அக்கா செய்து காட்டினார்: இடது கையால் மீனின் செவுளைப் பிடித்து, கத்தியை முள்ளோடு ஒட்டி ஒரே இழுவை, திருப்பி இன்னொரு இழுவை, தோல் ஒரு பக்கம் சதை ஒரு பக்கம். பாண் வெட்டும் பலகையில் கடைக் கொட் மீனை வைத்துத்தான் காட்டினார். வேலையை விட்டு எத்தனையோ வருடம், கை மறக்கவில்லை. அதே மீனைக் குழம்பு வைத்தோம்.

இப்போதைய பணம் ராஜநண்டில். 1960களில் சோவியத் விஞ்ஞானிகள் பசிபிக்கில் இருந்து கொண்டுவந்து பாரன்ட்ஸ் கடலில் விட்டது, நடந்து நடந்து நோர்வேக்கு வந்து, முதலில் வலையைக் கிழிக்கும் பிசாசு என்று திட்டு வாங்கி, 2002ல் இருந்து முறையான வியாபாரமாகி, இன்றைக்கு உல்லாசப் பயணிகளிடம் கணிசமான குரோனர் கறக்கிறது. 26 பாகை கிழக்கு நெடுங்கோடு நம் கொம்யூனுக்குள்ளாலேயே போகிறது. அதற்குக் கிழக்கே ஒதுக்கீட்டுப்படிதான் பிடிக்கலாம், மேற்கே எவ்வளவும் பிடிக்கலாம், அந்தப் பக்கம் பரவக் கூடாது என்று. நண்டுக்கு இது தெரியாது.

கோடை நிகழ்ச்சியாக மலைமுனைக்கும் போனோம், போகாமல் விட முடியாதே. 307 மீற்றர் செங்குத்துப் பாறை. வட முனை என்ற பெயர் 1553ல் வடகிழக்குக் கடல்வழி தேடிப் போன ஆங்கிலேயக் கடலோடிகள் வைத்தது. 1664ல் இத்தாலியப் பாதிரியார் பிரான்செஸ்கோ நெக்ரி தனியாக வந்து பார்த்தார், 1873ல் சுவீடன்-நோர்வே அரசர் இரண்டாம் ஒஸ்கார், 1907ல் சயாம் (இன்றைய தாய்லாந்து) அரசர் சூலாலங்கோர்ன். 1956ல் றோட்டு வரும்வரை கப்பலில் ஹோர்ன்விக்காவில் இறங்கி மேலே ஏறத்தான் வேண்டும். ஐரோப்பாவின் வடமுனை என்று பலகை சொன்னாலும், பக்கத்திலேயே க்னீவ்ஷெலொடன் என்ற தட்டையான பாறை நாக்கு இன்னும் ஒன்றரைக் கிலோமீற்றர் அளவு வடக்கே நீண்டு கிடக்கிறது. அங்கே போக நடக்க வேண்டும், கடை இல்லை, ஆகவே கூட்டமும் இல்லை. மாகெரொயா ஒரு தீவு என்பதால் பெருநிலத்தின் வடமுனை என்ற பட்டம் கிழக்கே இருக்கும் கின்னாரொடனுக்கு. இந்தக் கடலில்தான் 1943 டிசம்பர் 26ல் ஜெர்மன் போர்க்கப்பல் ஷார்ன்ஹோர்ஸ்ட் மூழ்கியது, இருந்த 1,968 பேரில் பிழைத்தது 36 பேர்.

என் அபிப்பிராயத்தையும் சேர்க்கிறேன், பிடிக்காதவர்கள் கூட்டத்தில் எழும்பிச் சொல்லலாம். ஊர்க்காரர்கள் அந்த முனைக்கு முதுகு காட்டித்தான் வாழ்கிறார்கள். கொம்யூனுக்குப் பெயர் கொடுத்தது அந்தப் பாறை, சோறு போட்டது துறைமுகம். கோடையில் பெரிய கப்பல் வந்து நின்றால் கடைத்தெருவில் நடக்க இடமில்லை, மாலையில் கப்பல் போனதும் நாமும் கலைமான்களும்தான் மிச்சம். கலைமான்கள் உள்நாட்டுச் சாமி மேய்ப்பர்களுடையவை, கோடைக்குத் தீவுக்கு வந்து இலையுதிர்காலத்தில் நீரிணையை நீந்தித் திரும்பிப் போகும். இடையில் நாம் நட்ட பூக்கன்றுகளைத் தின்னும். இது பற்றி மூன்று அங்கத்தவர்கள் சங்கத்திடம் முறைப்பாடு கொடுத்திருக்கிறார்கள், சங்கத்தால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்று பதில் அனுப்பியாயிற்று.

1999ல் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் சுரங்கப்பாதை திறந்தது, 6.9 கிலோமீற்றர், கடல்மட்டத்துக்கு 212 மீற்றர் கீழே. அதற்கு முன் கோஃபியூரில் இருந்து ஃபெரி. 2012 வரை கட்டணம் வேறு, அந்தக் காலத்தில் மறுகரையில் ஒரு பிறந்தநாளுக்குப் போவதென்றால் யோசித்துத்தான் போவோம். குளிர்காலத்தில் உள்ளே தண்ணீர் உறையாமல் இருக்க வாயிலில் கதவு, கார் கிட்டப் போனால்தான் திறக்கும். புதிதாக வந்தவர்கள் திறக்காது என்று பயந்து நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இன்னொரு துணுக்கு: ஹொன்னிங்ஸ்வோக் 1996ல் தன்னைப் பட்டணம் என்று அறிவித்தது, மறு வருடம் பட்டணத்துக்கு 5,000 பேர் வேண்டும் என்று சட்டம் வந்தது. முந்திக்கொண்டதால், கொம்யூன் முழுக்க எண்ணினாலும் 3,000 அளவு பேர்தான் என்றாலும், நாம் பட்டணத்து ஆட்கள்.

மற்றவை சுருக்கமாக. தமிழ் வகுப்பு நடந்தது, ஆசிரியை தொழிற்சாலை வேலைநேரம் மாறியதால் இடையில் சில வாரம் நின்றது. தீபாவளிக்குப் பனிப்புயல், பாதை மூடி லக்செல்வில் இருந்து வரவேண்டிய இரண்டு குடும்பம் வரவில்லை, அவர்களுக்கென்று செய்த வடையை அயலவருக்குக் கொடுத்தோம். கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்களின் பெயரை வாசிக்க வேண்டாம் என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது, ஆனால் அவர்களுக்குத் தெரியும்.

பொதுக்கூட்டம் முடிவெடுக்க வேண்டியவை மூன்று. மே மாதக் கூட்டத்தில் சொன்ன தொழிற்சாலைக் காலத்துக் கதைகளைத் தமிழிலும் நொஸ்க்கிலும் பதிவு செய்து உள்ளூர் அருங்காட்சியகத்திடம் கொடுப்பதா, கொடுப்பதென்றால் பிள்ளைகளில் யார் மொழிபெயர்ப்பது. சங்கப் பொங்கல் இனி எப்போதும் சூரியன் வந்த பிறகுதானா. மண்டபத்துச் சாவியை யார் வைத்திருப்பது. மூன்றாவதை முதலில் எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன், போன தடவை வாசலில் பனிக்குள் முக்கால் மணி நேரம் நின்றோம்.

இப்படிக்கு,
செயலாளர்